கேலரி என்பது கடையா, அருங்காட்சியகமா? ஜோகன்னஸ்பர்க்கை வைத்து ஓர் எளிய விளக்கம்

வேலை விஷயமாக ஜோகன்னஸ்பர்க் போய்வந்த நண்பர் ஒருவர் குழப்பத்தோடு கேட்டார்: "ஒரு கேலரிக்குள் போனேன். டிக்கெட் கேட்கவில்லை. பெரிய வெள்ளைச் சுவர்கள், ஏழெட்டுப் படங்கள்தான். எதிலும் விலை போடவில்லை. இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாகச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. மறுநாள் இன்னொரு கேலரிக்குப் போனேன். அது தூண்கள் வைத்த பழைய மாளிகை. அங்கே எதையும் விற்பதே இல்லையாம். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி?"

நியாயமான கேள்வி. கேலரி என்ற ஒரே சொல்லின் கீழ் வெவ்வேறான நாலைந்து வேலைகள் நடக்கின்றன. அது தெரியாததால்தான் "ஓவியம் எல்லாம் பணக்காரர் விளையாட்டு", "விலையை அவர்களாகவே ஏற்றிவிடுகிறார்கள்" என்ற பேச்சு வருகிறது. ஒரு நகரத்தின் கலை உலகம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள ஜோகன்னஸ்பர்க் மிக நல்ல இடம். 1886-இல் தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர் அது. எல்லாமே நூற்று நாற்பது ஆண்டுகளுக்குள் நடந்தவை. அந்தக் கலை உலகச் சங்கிலியில் எந்தக் கண்ணி எப்போது சேர்ந்தது, எது யாருக்கு மறுக்கப்பட்டது என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம்.

நூலகமும் பதிப்பகமும்

புத்தகத்தை வைத்துத் தொடங்குவோம். ஊர் நூலகத்திலும் புத்தகம் இருக்கிறது, பதிப்பகத்திலும் புத்தகம் இருக்கிறது. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. நூலகம் வாங்கிப் பாதுகாத்து எல்லோருக்கும் காட்டும். பதிப்பகம் எழுத்தாளரைத் தேடிப்பிடித்து, அவருக்காகப் பணம் போட்டு, அவர் பெயரை ஊரறியச் செய்து, விற்றதில் பங்கு எடுத்துக்கொள்ளும்.

நண்பர் மறுநாள் பார்த்த தூண் வைத்த மாளிகை நூலகத்தைப் போன்றது. அதன் பெயர் ஜோகன்னஸ்பர்க் ஆர்ட் கேலரி. சுரங்க முதலாளி ஒருவரின் மனைவியான ஃப்ளோரன்ஸ் ஃபிலிப்ஸின் முயற்சியால் 1910-இல் அதன் சேகரிப்பு உருவானது. புது டில்லியை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தார். ஜூபர்ட் பூங்காவில் 1915-இல் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தைப் பொதுக் கலைக்கூடம் என்போம்: பொதுச் சொத்தாகப் படைப்புகளை வாங்கி, காத்து, காட்டுமிடம். அங்கே விற்பனை கிடையாது.

முதல் நாள் பார்த்த வெள்ளைச் சுவர் இடம் பதிப்பகத்தைப் போன்றது. அதை வணிக கேலரி என்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் எவரார்ட் ரீட் 1913 முதல் இயங்குகிறது. குட்மேன் கேலரியை லிண்டா கிவோன் 1966-இல் தொடங்கினார். இன்று ரோஸ்பேங்க் வட்டாரத்தில் நடந்தே போய்விடும் தூரத்தில் இப்படிப் பல இருக்கின்றன. யாரும் உள்ளே போகலாம், வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. விலைப்பட்டியல் மேசையில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். சிவப்புப் பொட்டு இருந்தால் அந்தப் படம் விற்றாகிவிட்டது.

இவ்வளவு புரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று காப்பதற்கான இடம். மற்றொன்று ஓவியருக்கு வாழ்வு அமைத்துக்கொடுப்பதற்கான இடம். இந்த இரண்டாவது எப்படி நடக்கிறது என்பதில்தான் வெளியிலிருப்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பாதிக்குப் பாதி ஏன்?

வணிக கேலரி பெரும்பாலும் படத்தை விலைகொடுத்து வாங்குவதில்லை. சிறுபத்திரிகைக்காரர்கள் புத்தகக் கடையில் இருபது பிரதிகளைப் போட்டுவிட்டு, விற்றபின் கணக்குப் பார்ப்பார்கள் அல்லவா, அதே முறைதான். இதற்கு ஒப்படைப்பு விற்பனை என்று பெயர். படம் ஓவியருடையதாகவே இருக்கும். விற்றால் பணம் பிரிக்கப்படும். உலகெங்கும் வழக்கத்திலுள்ள பங்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

பாதியா என்று முதலில் யாருக்கும் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கேலரியின் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வாடகை, படங்களைச் சட்டமிடுவது, புகைப்படம் எடுப்பது, காப்பீடு, வெளிநாட்டுக்குக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்புவது, பல கேலரிகள் ஒன்றுகூடி விற்கும் கலைச் சந்தையில் கூடம் பிடிப்பது எல்லாம் அதன் தலையில். விற்காமல் போனாலும் செலவு செலவுதான். இவற்றையெல்லாம்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு: ஓர் ஓவியரைத் தன் ஓவியராக ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அவருக்காகப் பேசுவது. இதற்குப் பிரதிநிதித்துவம் என்று பெயர். எந்தப் படம் எந்த ஆண்டு வரையப்பட்டது, எங்கே காட்டப்பட்டது, யாரிடம் போனது என்ற பதிவை வைத்திருப்பதும் கேலரிதான்.

இந்தப் பதிவின் மதிப்பு நம்மவர்களுக்குச் சொல்லாமலே புரியும். வீட்டுமனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம். ஓவியத்துக்கும் அதே தேவை உண்டு. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சங்கிலியை உடைமை வரலாறு என்பார்கள். அது அறுந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது அசலா என்ற கேள்வி எழும்; விலை சரியும்.

விலையை யார் வைக்கிறார்கள்?

புதிதாக வரும் ஓவியரின் விலை பெரும்பாலும் அளவைப் பொறுத்தே தொடங்குகிறது. ஒரே ஓவியரின் இரண்டு படங்கள் ஒரே அளவில், ஒரே ஊடகத்தில் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் போல) இருந்தால் விலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு கண்காட்சிக்குப் பின்னும், ஒவ்வொரு பொதுக் கலைக்கூடம் வாங்கும்போதும் அது கொஞ்சம் ஏறும். கேலரிகள் மிகவும் அஞ்சுவது விலையை இறக்குவதற்குத்தான். இன்று இறக்கினால், நேற்று முழு விலை கொடுத்தவரின் நம்பிக்கை உடையும்; அவர் தன் படத்தை விற்க ஓடுவார்; அடுத்தவரும் ஓடுவார். அதனால்தான் நல்ல கேலரி அவசரப்பட்டு ஏற்றுவதும் இல்லை.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஓவியரிடமிருந்து கேலரி வழியாக முதல்முறை விற்பனையாவது முதல்நிலைச் சந்தை. வாங்கியவர் பிற்பாடு இன்னொருவருக்கு விற்பது இரண்டாம்நிலைச் சந்தை. ஏலம் இதில்தான் நடக்கிறது. செய்தித்தாளில் நாம் படிக்கும் கோடிக்கணக்கான விலைகள் பெரும்பாலும் இரண்டாவதைச் சேர்ந்தவை. தென்னாப்பிரிக்க ஓவியர் இர்மா ஸ்டெர்னின் ஓர் ஓவியம் 2011-இல் லண்டன் ஏலத்தில் முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஸ்டெர்ன் இறந்தது 1966-இல். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கைமாறிய பணம் அது.

"ஆப்பிரிக்க ஓவியர்கள் இப்போது கோடீஸ்வரர்கள்" என்று யாராவது சொன்னால், எந்தச் சந்தையின் விலை என்று கேட்டுப் பாருங்கள். ஏலத்தில் விலை ஏறினால் உயிரோடிருக்கும் ஓவியருக்கு அடுத்த படங்களின் விலையில் பலன் வரலாம். அந்தக் குறிப்பிட்ட படத்தின் லாபம் பெரும்பாலும் விற்றவருக்குத்தான்.

நகல் என்று நினைத்து விட்டுவிடும் அசல்

அடுத்து நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜோகன்னஸ்பர்க்கைப் புரிந்துகொள்ள இது இல்லாமல் முடியாது. அந்த நகரத்துச் சுவர்களில் அச்சோவியங்களை நிறையக் காணலாம். பார்ப்பவர்கள் "பிரிண்ட்தானே" என்று கடந்துவிடுகிறார்கள். போஸ்டரோடு சேர்த்து நினைத்துவிடுகிறார்கள். பெரிய தவறு.

போஸ்டர் என்பது ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து அச்சிடுவது. அச்சோவியத்துக்கு அப்படி முன்னால் ஓர் ஓவியம் கிடையாது. அச்சில் விழும் தாள்தான் அசல். லினோ அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் விரிக்கும் லினோலியத் தகட்டில் கத்தியால் செதுக்குகிறார்கள். ரப்பர் ஸ்டாம்பைப் போல எல்லாம் இடம்வலம் மாறியிருக்க வேண்டும். எழுத்து இருந்தால் அதைத் திருப்பித்தான் செதுக்க வேண்டும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக நிற்கும். விட்டுவைத்த மேடு கறுப்பாக விழும். ஒரு வெட்டு தவறினால் திருத்த வழியில்லை. உருளையில் மை ஏற்றி, மேட்டின் மேல் உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம்.

செப்புத்தகட்டு அச்சு இதற்கு நேர் எதிர். தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். பூச்சு கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பிறகு மையைத் தகடு முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிடுவார்கள். அம்மியை எவ்வளவு வழித்தாலும் கொத்திய குழிகளில் அரைத்த மசாலா தங்கிவிடுகிறதே, அதைப் போல மை பள்ளங்களில் மட்டும் நிற்கும். ஈரத்தாளை வைத்துக் கனத்த உருளைக்கு நடுவில் விட்டால், தாள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். கோட்டின் மேல் விரலை வைத்தால் சற்றுப் புடைப்பாகத் தெரியும்.

தாளின் கீழே பென்சிலால் 7/30 என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மொத்தம் முப்பதுதான் எடுப்போம், இது ஏழாவது என்று அதற்குப் பொருள். இந்த முப்பதும் சேர்ந்தது ஒரு பதிப்பு. முடிந்தபின் தகட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிடும் வழக்கம் உண்டு; பிறகு யாரும் அதில் அச்செடுத்து ஏமாற்ற முடியாது. எண்ணுக்குப் பதில் சில தாள்களில் வேறு குறி இருக்கும். ஓவியர் தனக்கென எடுத்துவைத்த தாள் அது. ஓவியர் மெய்ப்பு என்பார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் ஓர் அச்சுப் பட்டறைக்கு அந்தச் சொல்லே பெயர்: ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் ஸ்டூடியோ. கிம் பெர்மனும் ந்லான்லா ஸாபாவும் 1991-இல் தொடங்கினார்கள். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். நிறவெறிச் சட்டங்கள் உதிரத் தொடங்கிய ஆண்டு அது. 2003-இல் பட்டறை தீக்கிரையானது. ஸாபா அதில் உயிரிழந்தார். மற்றவர்கள் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து தொழில் கற்கிறார்கள். அச்சோவியம் இந்த நாட்டில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்குக் காரணமும் இதுதான். லினோவும் தாளும் மலிவு. ஒரே படைப்பு முப்பது வீடுகளுக்குப் போகும். சாதாரணச் சம்பளக்காரரும் ஒரு நல்ல ஓவியரின் கையெழுத்திட்ட படைப்பைச் சுவரில் மாட்டலாம்.

அதனால் பிரிண்ட் என்றவுடன் கீழே பென்சில் எண் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அசல்.

கண்ணி அறுந்த கதை

இதுவரை பார்த்தவற்றை வரிசையில் வைத்தால் ஒரு சங்கிலி கிடைக்கும்: பயிற்சி, வேலை செய்ய இடம், கேலரி, பொதுச் சேகரிப்பு. ஒரு பிள்ளை வரையக் கற்று, பட்டறையில் வளர்ந்து, கேலரி வழியாக விற்று, கடைசியில் ஊரின் பொதுக் கலைக்கூடத்தில் இடம்பிடிக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்டது. திறமை மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரின் வரலாறே பதில்.

ஜெரார்ட் செகோட்டோவைப் பாருங்கள். 1913-இல் பிறந்தவர். சோஃபியாடவுன் என்ற பகுதியில் தங்கி, கண்முன் இருந்த தெருவை வரைந்தார். 'மஞ்சள் வீடுகள்' என்ற அந்த ஓவியத்தை 1940-இல் ஜோகன்னஸ்பர்க் ஆர்ட் கேலரி வாங்கியது. கறுப்பின ஓவியர் ஒருவரிடமிருந்து அது வாங்கிய முதல் படைப்பு. அதன்பின் பல ஆண்டுகளுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே கிடந்தது. செகோட்டோ 1947-இல் பாரிஸ் போனார். 1993-இல் இறக்கும்வரை தாய்நாட்டில் மீண்டும் குடியேறவில்லை. அவர் வரைந்த சோஃபியாடவுனை 1955 முதல் அரசு காலிசெய்து இடித்தது. மக்களை லாரிகளில் ஏற்றி வெளியேற்றியது. வீடுகள் போய்விட்டன, ஓவியம் இருக்கிறது. பொதுக் கலைக்கூடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

கலைக் கல்லூரிகளின் கதவு மூடியிருந்த காலத்தில் பாலி தெருவில் ஒரு மன்றம் பள்ளியாக மாறியது. 1949-இல் தொடங்கிய பாலி ஸ்ட்ரீட் கலை மையத்தை 1952 முதல் ஓவியர் செசில் ஸ்காட்னஸ் நடத்தினார். சிட்னி குமாலோ, எஃப்ரைம் ங்கடானே, டுரான்ட் சிலாலி போன்ற கலைஞர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். முதல் கண்ணியை இப்படித்தான் ஒட்டவைத்தார்கள்.

இரண்டாவது கண்ணி, இடம். கறுப்பின மக்கள் ஒதுக்கிவைக்கப்பட்ட சோவெட்டோ புறநகரின் தீப்பெட்டி வீடுகளில் ஒரு பெரிய ஓவியத் திரைச்சீலையை எங்கே நிறுத்துவது? 1991-இல் ஓவியர் டேவிட் கொலோவானேவும் ஆங்கிலேயரான ராபர்ட் லோடரும் மற்றவர்களும் சேர்ந்து, பை தைக்கும் பழைய தொழிற்சாலை ஒன்றை ஓவியர்களுக்கான அறைகளாகப் பிரித்தார்கள். பேக் ஃபேக்டரி என்ற பெயரே நிலைத்தது. இப்படிப் பலர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இடத்தைக் கூட்டுப் பட்டறை என்கிறோம். ஒரே தறிக்கூடத்தில் பல நெசவாளர்கள் இருப்பதைப் போல. பக்கத்து அறைக்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பதிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

அந்தப் பட்டறை இருக்கும் ஃபோர்ட்ஸ்பர்க், இந்திய வம்சாவளியினர் நெடுங்காலமாக வாழ்ந்து கடைவைத்திருக்கும் பகுதி. அதை ஒட்டியுள்ள ஹமீதியா பள்ளிவாசல் முன்னால்தான் 1908 ஆகஸ்டில் காந்தியோடு திரண்டவர்கள் ஆசியர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியிருந்த பதிவுச் சான்றுகளை எரித்தார்கள். ஜோகன்னஸ்பர்க் தமிழர்களும் உறுதியாக நின்ற போராட்டம் அது.

ஒளிப்படத்துக்கு, ஒளிப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்பிளாட் 1989-இல் தொடங்கிய மார்க்கெட் போட்டோ வொர்க்‌ஷாப் பயிற்சி தரும் வேலையைச் செய்தது. இன்று உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஸனேலே முஹோலி அங்கே படித்தவர்.

சுவருக்கு வெளியே

கேலரியின் சுவரைத் தாண்டியும் கலை நடமாடுகிறது. கலைஞர் மேரி சிபாண்டேயின் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுவேலை செய்தவர்கள். அவர் தன் உடலையே வார்ப்பாக எடுத்து, ஆளுயரப் பெண்ணுருவம் ஒன்றைச் செய்தார். அவள் பெயர் சோஃபி. உடுத்தியிருப்பது வேலைக்காரிகளின் நீலச் சீருடை. ஆனால் அது பாவாடையாக விரிந்து விரிந்து அரசியின் உடையாகிவிடுகிறது. வெள்ளை ஏப்ரனும் தலைத்துணியும் அப்படியே இருக்கின்றன. கண்கள் மூடியிருக்கின்றன, அவள் கனவு காண்கிறாள். 2010-இல் சோஃபியின் பிரம்மாண்டமான படங்கள் ஜோகன்னஸ்பர்க்கின் கட்டடச் சுவர்களில் தொங்கின. காலையில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் மினிபஸ் டாக்சியிலிருந்தே அதைப் பார்த்தார்கள்.

இன்றைக்குப் பலவீனமான கண்ணி எது என்று கேட்டால், கடைசிக் கண்ணி என்பேன். வணிக கேலரிகள் ஓரளவு நன்றாக இருக்கின்றன. 2008 முதல் கலைச் சந்தையும் நடக்கிறது. லட்யன்ஸ் கட்டிய பொதுக் கலைக்கூடத்திலோ கூரை ஒழுகி, 2017-இல் சில காலம் மூடவே வேண்டியிருந்தது. 2012-இல் திறந்த விட்ஸ் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகமும், வங்கிகளின் சேகரிப்புகளும் அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்புகின்றன. ஆனால் ஊருக்குச் சொந்தமானதை ஊர்தான் காக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நீதிமன்றத்தில் ஒரு நீல உடை

பொதுச் சேகரிப்பு எப்படியிருக்க முடியும் என்பதற்கு அதே ஊரில் ஒரு இடம் இருக்கிறது. ஊர் நடுவே மேட்டில் பழைய சிறைக்கோட்டை. 1908-இல் காந்தியும் அவருடைய சத்தியாக்கிரகத் தோழர் தம்பி நாயுடுவும் அடைபட்ட சிறை. பிற்பாடு மண்டேலாவையும் வைத்திருந்தார்கள். அதன் ஒரு பகுதியை இடித்து, அந்தச் செங்கற்களையே எடுத்துச் சுவரில் வைத்து, 2004-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தைத் திறந்தார்கள். அலங்காரத்துக்கென்று ஒதுக்கிய தொகை வெறும் பத்தாயிரம் ரேண்ட். நீதிபதிகள் ஆல்பி சாக்ஸும் இவோன் மொக்கோரோவும் அதை வைத்து ஜோசப் ந்ட்லோவுவிடம் ஒரு நெசவோவியம் செய்யச் சொன்னார்கள். பிறகு ஓவியர்கள் பலர் தாங்களாகவே படைப்புகளைக் கொடுத்தார்கள். உள்ளே யாரும் போய்ப் பார்க்கலாம்.

அங்கே ஜூடித் மேசன் 1998-இல் செய்த நீல உடை ஒன்று தொங்குகிறது. ஃபிலா ந்ட்வாண்ட்வே என்ற விடுதலைப் போராளியை 1988-இல் காவல்துறையினர் நிர்வாணமாக அடைத்து வைத்துக் கொன்று புதைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பையால் மட்டும் அவர் தன் மானத்தை மறைத்துக்கொண்டிருந்தார் என்று நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையத்தின் முன் தெரியவந்தது. மேசன் நீல பிளாஸ்டிக் பைகளைப் பிரித்துத் தைத்து, அவருக்கு ஒரு முழுநீள உடை செய்தார். பாவாடையில் ஃபிலாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். "சகோதரி" என்று அது தொடங்குகிறது. அருகில் போய் நின்றால் படிக்கலாம்.